91ஆவது யூனிட்டின் விலை

இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் தலைவர் அவர்களுக்கு,



2025 ஜூன் 12 முதல் நடைமுறைக்கு வந்த மின்கட்டணப் பட்டியலை மேசையில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். பட்டியலுக்கு அங்கீகாரம் கொடுப்பது உங்கள் ஆணைக்குழு என்பதால் மின்சார சபையை விட்டுவிட்டு உங்களுக்கே எழுதுகிறேன். யூனிட்டின் விலை கூடிவிட்டது என்ற முறைப்பாடு இதில் இல்லை. மாதாமாதம் அறவிடும் நிலையான கட்டணம், வேலையிலிருந்து ஓய்வுபெற்று வீட்டோடு இருப்பவர்களிடம் நியாயமாக நடக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

அந்தப் பட்டியலின்படி 30 யூனிட் வரை நிலையான கட்டணம் 80 ரூபா. 60 வரை 210. 90 வரை 400. அதற்குமேல் ஒரே பாய்ச்சல்: மின்மானி 91ஐக் காட்டியதும் 1000 ரூபா. 120ஐத் தாண்டினால் 1500, 180ஐத் தாண்டினால் 2100. வரியைச் சேர்க்காமல் பார்த்தால், 90 யூனிட் எரித்த வீட்டுக்கு வரும் பில் 1720 ரூபா. 91 எரித்த வீட்டுக்கு 2344. கூடுதலாக எரிந்த அந்த ஒரு யூனிட்டின் விலை 24 ரூபாதான். மிச்ச 600 ரூபாவும் நிலையான கட்டணம் ஏறியதால் வந்தது. 60இலிருந்து 61க்குப் போகும்போதும் இதே கதை. அங்கே முதல் யூனிட்டிலிருந்தே வேறு விலை கணக்கிடப்படுவதால் 585 ரூபா பில் 1183.50 ஆகிறது.

நிலையான கட்டணம் ஏன் என்று கேட்டால் பொறியியலாளர்கள் சொல்லும் காரணம் எனக்கும் விளங்கும். நான் லைட்டைப் போட்டாலும் போடாவிட்டாலும் கம்பம் நிற்க வேண்டும், கம்பி ஓட வேண்டும், ட்ரான்ஸ்போமர் பழுதானால் ஆட்கள் வர வேண்டும். அந்தச் செலவில் ஒரு பங்கை ஒவ்வொரு இணைப்பும் சுமக்கத்தான் வேண்டும். அப்படியானால் அது இணைப்பின் அளவைப் பார்த்து வர வேண்டிய தொகை. 91ஆவது யூனிட் வரும் இரவில் வாசலில் நிற்கும் கம்பம் பருத்துவிடுவதில்லை.

கூட எரிப்பவன் வசதியானவன், அவன் கூடக் கட்டட்டும் என்பது அடுத்த நியாயம். பொதுவாகச் சரிதான். ஏழு பேர் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்டு மாலையில் திரும்பும் வீட்டையும், எயார்கண்டிஷன் ஓடும் மாடி வீட்டையும் ஒப்பிட்டால் இந்த அளவுகோல் ஓரளவுக்கு வேலை செய்யும். முதியவர் வீட்டில்தான் அது தவறிப்போகிறது. அவர் பகல் முழுக்க வீட்டில் இருக்கிறார். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் 75 வாட் ஃபேன் நாளுக்கு 12 மணிநேரம் சுழன்றால் மாதத்துக்கு 27 யூனிட். இன்சுலின் இருக்கும் சிறிய ஃபிரிட்ஜ் 30 யூனிட்டளவில் எடுக்கலாம். கிணற்று மோட்டர், நாலைந்து பல்ப், செய்தி பார்க்க ரீவி. எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் 75 யூனிட்டில் வந்து நிற்கும். பில் 1442.50 ரூபா. இதில் ஆடம்பரம் எது என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்த வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் நோய் என்று வைத்துக்கொள்வோம். வைத்தியர் வீட்டிலேயே ஒட்சிசன் செறிவூட்டி வைத்துக்கொள்ளச் சொல்கிறார். 350 வாட் இயந்திரம், நாளுக்கு 8 மணிநேரம்: மாதத்துக்கு 84 யூனிட். மொத்தம் 159. நிலையான கட்டணம் 400இலிருந்து 1500 ஆகிறது, பில் 5139 ரூபாவைத் தொடுகிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் முதியோர் கொடுப்பனவை 3000 ரூபாவிலிருந்து 5000 ஆக உயர்த்தினார்கள். இந்தப் பில்லைக் கட்டவே அந்தப் பணம் போதாது.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். எங்கள் ஒழுங்கைகளில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் பல. உரிமையாளர்கள் கனடாவிலோ லண்டனிலோ இருக்கிறார்கள். வாசல் லைட் ஒன்று எரிவதோடு சரி. 30 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். உங்கள் கணக்கின்படி அது பரம ஏழையின் வீடு: நிலையான கட்டணம் 80 ரூபா. அதைக் கண்காணித்துக்கொண்டு பக்கத்து வீட்டில் தனியே இருக்கும் கிழவி 400 கட்டுகிறாள். நல்லூர்த் திருவிழாவுக்குப் பேரப்பிள்ளைகள் வந்து நின்றால் அந்த மாதம் 1500. ஒரே வளவுக்குள் இரண்டு மின்மானி பூட்டி, இரண்டு பில்லையும் கீழ்ப்படியிலேயே வைத்திருக்கும் கெட்டிக்காரர்களும் உண்டு. ஒற்றை மின்மானியோடு ஒற்றையாய் வாழும் ஓய்வூதியருக்கு அந்தக் கெட்டித்தனத்துக்கு வழியில்லை.

“பிள்ளையள் வெளிநாட்டில இருந்து அனுப்புவினம்தானே” என்று சொல்பவர்கள் இருப்பார்கள். எல்லாப் பிள்ளைகளும் அனுப்புவதில்லை. அனுப்பினாலும், ஓர் அரச கட்டணம் நியாயமா இல்லையா என்பதைப் பிள்ளைகளின் பாசத்தை வைத்து அளக்க முடியாது. தனியார் துறையில் உழைத்தவர்களுக்குப் பென்சனே கிடையாது. ஊழியர் சேமலாப நிதியை மொத்தமாக வாங்கி வங்கியில் போட்டு வட்டியில் சீவிப்பவர்கள் அவர்கள். 2022 கடைசியில் 20 வீதத்துக்கு மேல் போன வட்டி பிறகு ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது.

கட்டணம் உயர்வது எங்களுக்குப் புதிதில்லை. தொண்ணூறுகளில் ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகளைப் படிப்பித்த ஊர் இது. கஷ்டத்தைத் தாங்குவோம், கணக்கு விளங்காமல் போவதைத்தான் தாங்க முடியவில்லை. 2022 ஓகஸ்டுக்கு முன் மிகக் கீழ்ப்படியின் நிலையான கட்டணம் 30 ரூபா. அந்த ஓகஸ்டில் 120. 2023 பெப்ரவரியில் 400. ஒரு யூனிட்டும் எரிக்காத வீட்டுக்கும் 400. அதே வருடம் ஜூலையில் 150. பிறகு ஏறியும் இறங்கியும் 2025 ஜனவரியில் 75, ஜூனில் 80. மூன்று வருடத்துக்குள் ஒரே கம்பி, ஒரே கம்பத்தின் செலவு இப்படியா ஆடியது? அந்தந்த நேரத்தில் சபைக்கு விழுந்த பள்ளத்தை நிரப்ப எளிதாகக் கைக்கு அகப்பட்டது இந்தக் கட்டணம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

2025 ஒக்டோபரில் மின்சார சபை 6.8 வீத உயர்வு கேட்டபோது உங்கள் ஆணைக்குழு மறுத்தது. அதற்கு முன் மாகாணம் மாகாணமாக மக்கள் கருத்தையும் கேட்டது. நல்ல காரியம், நன்றி. ஆனால் எத்தனை வீதம் கூட்டுவது, எத்தனை வீதம் குறைப்பது என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பட்டியலின் அமைப்பை யாரும் தொடுவதில்லை.

உங்கள் பட்டியலில் வணக்கத் தலங்களுக்குத் தனி வகை இருக்கிறது, ஹோட்டல்களுக்குத் தனி வகை இருக்கிறது. 60 வயது கடந்தவர்களுக்குத் தேசிய முதியோர் செயலகம் அடையாள அட்டை கொடுக்கிறது. ஓய்வூதியர் ஆண்டுதோறும் கிராம அலுவலர் ஊடாக, தான் உயிரோடு இருக்கிறேன் என்று உறுதிப்படுத்துகிறார். ஆகவே எங்களை அடையாளம் காண வழியில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தன் பெயரில் இணைப்பு வைத்து, அந்த வீட்டிலேயே வசிக்கும் முதியவருக்கு 180 யூனிட் வரை நிலையான கட்டணத்தை 210 ரூபாவில் நிறுத்துங்கள். அரச வைத்தியசாலைச் சான்றிதழோடு வீட்டில் இயந்திரம் வைத்திருப்பவருக்கு அந்த இயந்திரத்தின் யூனிட்டைக் கழித்துவிட்டுப் படியைத் தீர்மானியுங்கள். இதனால் குறையும் வருமானத்தை 180க்கு மேலே எரிப்பவர்களின் யூனிட் விலையில் சேர்க்கலாம். பூட்டிக் கிடக்கும் வீட்டிடம் 80க்குப் பதிலாக இணைப்பின் உண்மையான செலவைக் கேட்கலாம். இவை உடனே முடியாதென்றால், எல்லா வீடுகளுக்குமாக அந்த 600 ரூபாப் பாய்ச்சலையாவது சிறு படிகளாக உடையுங்கள்.

அடுத்த கட்டண முன்மொழிவு உங்கள் மேசைக்கு வரும்போது, எத்தனை வீதம் என்று பார்ப்பதற்கு முன் 90க்கும் 91க்கும் நடுவில் உள்ள கோட்டை ஒருதரம் பாருங்கள். அங்கே ஒரு திருத்தம் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஓய்வூதியர்