வலி கண்டது எந்நேரம்?

என் பாட்டியின் தங்கை தலைப்பிரசவத்திலே மாண்டாள் என்பதைச் சிறுவயதில் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் வலி கண்டது எந்நேரம், மருத்துவச்சி வந்தது எந்நேரம், டவுன் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்ட வேண்டுமென்று யாருக்காவது தோன்றிற்றா, தோன்றியும் ஏன் கட்டவில்லை என்றெல்லாம் அந்த வீட்டில் ஒருவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. ‘அவள் ஆயுசு அவ்வளவுதான்’ என்றார்கள். அத்துடன் பேச்சு முடிந்தது.

அந்தக் கேள்விகளை ஒரு சர்க்கார் கேட்கத் துணிந்ததைத்தான், என் ஆயுளில் தமிழ்நாட்டில் நடந்த நற்காரியங்களுள் மிக உயர்ந்ததாக நான் மதிக்கிறேன். கர்ப்பிணியோ பிரசவித்தவளோ வீட்டிலோ, வழியிலோ, ஆஸ்பத்திரியிலோ எங்கே இறந்தாலும் அச்செய்தியை மேலிடத்துக்கு அறிவித்தாக வேண்டும் என்ற நியமம் 1990களில் இங்கே ஏற்பட்டது. அதன்பின் சுகாதார ஊழியர்கள், துக்கம் ஆறாத மனிதர்களின் எதிரே திண்ணையில் உட்கார்ந்து, வலி கண்டது முதல் உயிர் பிரிந்தது வரை நாழிகை நாழிகையாகக் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். இதன் நோக்கம் குற்றவாளியைப் பிடிப்பதன்று. வீட்டார் புறப்படத் தாமதமா, வாகனம் கிடைக்கத் தாமதமா, ஆஸ்பத்திரி வாசலை மிதித்த பிறகும் தாமதமா என்பதை அறிவதே. தண்டிக்கப்படுவோம் என்ற பயம் புகுந்துவிட்டால் எவரும் உண்மையை எழுதமாட்டார்கள் ஆகையால், குற்றவாளியைத் தேடாமலிருப்பதே இந்த விதிக்கு உயிர்நிலை என்பது என் அபிப்பிராயம்.

பிரசவத்துக்குப் பின் இரத்தம் பெருகத் தொடங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போய்விடக்கூடும். அப்படியிருக்க, ஆரம்ப சுகாதார நிலையம் இரவில் பூட்டிக் கிடந்தால் அது ஊருக்குள் இருந்துதான் என்ன பயன்? மூன்று நர்சுகளை முறைவைத்து நியமித்து இரவும் பகலும் அதைத் திறந்து வைத்ததும், பெரிய ஆஸ்பத்திரிகளில் அவசரப் பிரசவ சிகிச்சைப் பிரிவுகளை ஏற்படுத்தியதும், 2008இல் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியதும் இந்த அபாயத்தை நோக்கி எடுத்த நடவடிக்கைகளே. 2001–03இல் உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 134 ஆக இருந்த தாய்மார் மரணம், 2018–20இல் 54 ஆகக் குறைந்தது.

ஆயினும் 54 என்பது மாநிலத்தின் சராசரி; சராசரியில் சமவெளியும் மலையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஆம்புலன்ஸ் ஏற முடியாத மலைக்கிராமத்துப் பெண்ணுக்கு, வாகனத்தின் தொகையைப் பெருக்குவதால் என்ன அனுகூலம்? அவளுக்காகவே மலைப்பகுதிகளில் பிரசவ காத்திருப்பு அறைகள் ஏற்பட்டன. குறித்த நாளுக்குச் சில தினங்கள் முன்பாகவே இறங்கி வந்து, துணைக்கு ஒருத்தியோடு, அங்கேயே உண்டு உறங்கி, வலி காணும் வரை அவள் தங்கியிருக்கலாம். எல்லோருக்கும் ஒரே அளவில் தருவதை நீதி என்று நினைப்பவர்கள் அந்த அறையை ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.

நம் வழக்கத்திலேயே பிறந்த ஒரு சிக்கலும் உண்டு. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வருகிறாள். அவளுடைய இரத்தசோகையும் இரத்த அழுத்தமும் புகுந்த ஊர் நர்சின் பதிவேட்டில் இருக்கின்றன. பிறந்த ஊர் நர்சுக்கோ அவள் விருந்தாளி. பதிவு அவளோடு பிரயாணம் செய்யாவிட்டால், இரண்டு ஊருக்கும் நடுவே அவள் கவனிப்பாரற்றுப் போகிறாள். என் பாட்டியின் தங்கையும் அவ்வாறு தாய்வீடு வந்தவள்தான்.

இந்த மரண விசாரணைகள் கலெக்டர் மேஜையோடு நின்றுவிடலாகாது. ஆள் பெயரை நீக்கிவிட்டு, தாமதம் எங்கே நேர்ந்தது என்பதை மட்டுமாவது, சாலையும் பாலமும் கேட்டுத் தீர்மானம் போடுகிற கிராம சபையில் வாசிக்க வேண்டும். வருகிற அக்டோபர் 2ஆம் தேதி கூடும் சபையிலேயே அதைத் தொடங்கலாம்.