மூன்று மணி வெயிலும் ஏழு மணி விளக்கும்

கேரளத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பகுதியினருக்குக் கூடைப்பந்து என்றால் பக்கத்தில் கோயம்புத்தூர். பூப்பாறை, மூணாறு, குமுளி பகுதியினர் மலையிறங்கினால் பெரியகுளம். பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகளாக நடத்திவரும் அகில இந்தியப் போட்டி, ஆண்களுக்கானது. கோவையிலோ ஆண்களுக்கு நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை, பெண்களுக்கு சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பை என இரண்டும் நடக்கின்றன. நாட்டின் முன்னணி அணிகள் இந்த இரண்டு ஊர்களுக்கும் வந்து ஆடுகின்றன. கேரள, தமிழக எல்லையின் இரு பக்கத்துத் தமிழர்களுக்கும் இந்த ஆட்டம் புதிதல்ல.

ஆயினும் பஞ்சாயத்து மைதானம் முதல் பெரிய போட்டிக் குழுக்கள் வரை, பெண்கள் ஆட்டம் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு கேள்வி தயாராக இருக்கிறது: “லேடீஸ் மேட்சை யார் பார்ப்பார்கள்?” கேட்கப்படும் தொனியிலேயே பதிலும் அடங்கிவிடுகிறது. பரிசுத் தொகையைக் குறைப்பதற்கும், பெண்கள் பிரிவையே கைவிடுவதற்கும் இந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்து வந்திருக்கிறது. அது நேர்மையான கேள்வியல்ல என்பது எங்கள் கருத்து.

உள்ளூர்ப் போட்டி ஒன்றின் இறுதி நாளை நினைத்துப் பாருங்கள். பெண்கள் இறுதியாட்டம் பிற்பகல் மூன்று மணிக்கு. சிமெண்டுத் தரை கொதிக்கிறது. மேடையில் ஒருவர் மைக் டெஸ்டிங் செய்துகொண்டிருக்கிறார். நடுவரின் விசில் அதில் அமுங்கிப்போகிறது. கடைசி நிமிடம், இரண்டு புள்ளி வித்தியாசம், பந்து வளையத்தின் விளிம்பில் சுற்றி வெளியே விழுகிறது. அதைப் பார்க்க அங்கே இருப்பவர்கள், அடுத்த ஆட்டத்துக்கு ஷூ கட்டிக்கொண்டிருக்கும் பையன்களும், மகளை வீட்டுக்கு அழைத்துப்போக வந்த இரண்டு தந்தைமார்களும்தான். ஏழு மணிக்கு விளக்கு எரிகிறது. சிறப்பு விருந்தினர் வருகிறார். ஆண்கள் இறுதியாட்டம் தொடங்குகிறது. பிறகு குழுக் கூட்டத்தில் இரண்டு ஆட்டங்களுக்கும் வந்த கூட்டத்தை ஒப்பிட்டு, மக்களுக்கு ஆர்வமில்லை என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். வெயிலில் நிறுத்தியவர்களே நிழலில் இருந்துகொண்டு எண்ணிய கணக்கு அது.

அந்தக் கணக்கில் இன்னொரு பிழையும் உண்டு. ரசிகர் என்று எண்ணப்படுகிறவர் யார்? மாலை நேரம் தன் கையில் இருப்பவர். மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தை எடைபோட்டுவிட்டு லயத்துக்குத் திரும்பும் பெண்ணுக்கு அது தண்ணீர் பிடிக்கும் நேரம், அடுப்புப் பற்றவைக்கும் நேரம். மைதானத்து ஓரத்தில் இரண்டு மணி நேரம் நிற்கும் உரிமை அவளுக்கு வீட்டிலும் இல்லை, ஊரிலும் இல்லை. அவள் வரவில்லை என்பதை வைத்து அவளுக்கு விருப்பமில்லை என்று முடிவு கட்டுவது அநீதி. 2015 செப்டம்பரில் போனஸ் கேட்டு இதே பெண்கள் ஆயிரக்கணக்கில் மூணாற்றுச் சாலையில் ஒன்பது நாள் உட்கார்ந்தார்கள். ‘பெண்பிள்ளை ஒருமை’ என்று அந்தப் போராட்டத்துக்குப் பெயர் வந்தது. தொழிற்சங்கத் தலைவர்களான ஆண்களை அவர்கள் அருகில் சேர்க்கவில்லை. பெண்கள் கூட்டம் சேராது என்று அதற்குப் பின்னும் இந்த மலையில் ஒருவர் சொல்வாரானால், அவர் கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறார்.

பெண்களின் விளையாட்டைப் பார்க்கத் தெரியாத மண்ணும் அல்ல இது. தடகள வீராங்கனைகள் ஷைனி வில்சன், பீனாமோள், பிரீஜா ஸ்ரீதரன் ஆகிய மூவரும் இடுக்கி மாவட்டத்துக்காரர்கள். பி.யு.சித்ரா பாலக்காட்டு முண்டூர்க்காரர். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் பிரீஜா 10,000 மீட்டரில் தங்கம் வென்றபோது, பெண்கள் ஓட்டத்தை யார் பார்ப்பார்கள் என்று இங்கே எவரும் கேட்கவில்லை. காரணம் எளிது. தடகளத்தில் ஆணும் பெண்ணும் ஒரே ஓடுதளத்தில், ஒரே மாலையில், ஒரே அரங்கின் முன் ஓடுகிறார்கள். பார்க்கும் வாய்ப்பைப் பிரித்துக் கொடுக்க அங்கே ஒரு குழு இல்லை.

கூடைப்பந்திலும் கேரளத்தின் பெயரை நாடறியச் செய்தவர்கள் பெண்களே. 2018 ஜனவரியில் சென்னையில் நடந்த தேசிய சாம்பியன் போட்டியில், ஆண்டுக்கணக்காக அசைக்க முடியாதிருந்த ரயில்வே அணியை வீழ்த்திக் கோப்பையை வென்றது கேரளப் பெண்கள் அணி. வயநாட்டு ஜீனா அதன் முதுகெலும்பு. அவருக்கு முன்பே, கோட்டயத்து கீது அன்னா ஜோஸ் ஆஸ்திரேலியாவில் ஆடி, 2011இல் அமெரிக்காவின் தொழில்முறை மகளிர் தொடரான டபிள்யூ.என்.பி.ஏ.வின் அணிகள் மூன்றின் தேர்வுக்கு அழைக்கப்பட்டார். 2015இல் பஞ்சாபின் சத்னாம் சிங்கை என்.பி.ஏ. அணி ஒன்று தேர்ந்தெடுத்தபோது நாடே கொண்டாடியது, அது தகும். கீதுவுக்கு ஒப்பந்தம் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் அவர் பெயரை இன்று எங்கள் பள்ளிகளில் கேட்டால் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? நம் நாட்டில் தொழில்முறைத் தொடர்கள் தொடங்கப்பட்டபோதும் கதை மாறவில்லை. 2015இல் வந்த யு.பி.ஏ. தொடர் ஆண்களுக்கு. 2025இல் சென்னை உள்ளிட்ட ஆறு அணிகளுடன் நடந்த ஐ.என்.பி.எல். ப்ரோவும் ஆண்களுக்கே.

ஆண்கள் ஆட்டத்தின் வேகமும் உயரமும் ஒருவருக்குப் பிடித்திருக்கலாம். அது அவரவர் ரசனை. அதில் தலையிட எவருக்கும் உரிமை இல்லை. அமெரிக்காவிலும் இந்த வாதம் ஓயவில்லை. 2024 ஏப்ரலில் அங்கே கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து இறுதியாட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் சுமார் 1 கோடியே 87 லட்சம் பேர்; ஆண்கள் இறுதியாட்டத்தைப் பார்த்தவர்கள் சுமார் 1 கோடியே 48 லட்சம். வரலாற்றில் முதன்முறையாகப் பெண்கள் ஆட்டம் முந்தியது. கெய்ட்லின் கிளார்க் என்ற ஒரு வீராங்கனை அதற்குப் பெரிய காரணம். அவர் கல்லூரியை விட்டுப் போன அடுத்த ஆண்டே பெண்கள் ஆட்டத்தின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆர்வம் ஏறும், இறங்கும். ஆனால் ஏறுவதற்கு முதலில் ஒரு முக்கியத் தொலைக்காட்சி அந்த ஆட்டத்துக்கு இடம் கொடுத்திருந்தது. யாரும் காணாத இடத்தில் கிளார்க் எத்தனை பந்து போட்டிருந்தாலும் அந்த 1 கோடியே 87 லட்சம் பேர் வந்திருக்க மாட்டார்கள்.

தனியார் முதலாளி தன் பணத்தை எங்கே போடுவது என்று அவரே முடிவு செய்யட்டும். பஞ்சாயத்து மைதானமோ பொதுச் சொத்து. அதன் விளக்குக்குக் கட்டும் மின்கட்டணம், லயத்துப் பெண்ணும் சேர்ந்து செலுத்தும் வரியிலிருந்து போகிறது. விளையாட்டு கவுன்சிலின் நிதியும் பொதுப் பணமே. பொது இடத்தையும் பொதுப் பணத்தையும் பெற்றுக்கொண்டு, நல்ல நேரத்தை ஒரு பாலினத்துக்கு மட்டும் ஒதுக்குவது ரசனையல்ல, பாரபட்சம். இதைச் செய்யும் குழுக்கள் தவறு செய்கின்றன. கேள்வி கேட்காமல் மைதானத்தைக் கொடுக்கும் உள்ளாட்சிகளும் அந்தத் தவறில் பங்காளிகள்.

பத்திரிகைகளும் விலக்கல்ல. ஆண்கள் ஆட்டத்துக்கு நான்கு பத்தியும் படமும் கொடுத்துவிட்டு, “மகளிர் பிரிவில்” என்று தொடங்கும் ஒற்றை வரியில் பெண்கள் வெற்றியை முடிக்கும் வழக்கம் எங்கள் பக்கங்களிலும் இருந்திருக்கிறது. அந்த வரியில் அதிகப் புள்ளி எடுத்தவரின் பெயர்கூட இருக்காது. பெயர் தெரியாத ஆட்டக்காரருக்கு ரசிகர் எப்படிச் சேர்வார்? இதை நாங்கள் ஒப்புக்கொள்கிறோம்.

செய்ய வேண்டியவை பெரிய செலவுள்ளவை அல்ல. இறுதியாட்டங்களின் நேரத்தை ஆண்டு விட்டு ஆண்டு மாற்றி வைக்கலாம். பரிசுத் தொகையைச் சமமாக்கலாம். ஆட்டம் முடியும் நேரத்துக்கு எஸ்டேட் பக்கம் ஒரு பஸ் விடச் சொல்லிக் கேட்கலாம். ஆடும் பெண்ணுக்கும் பார்க்கும் பெண்ணுக்கும் அது தேவை. மைதான அனுமதிக் கடிதத்திலேயே இவற்றை நிபந்தனையாக எழுதும் அதிகாரம் பஞ்சாயத்துக்கு இருக்கிறது.

அடுத்த கோடைப் போட்டிகளுக்கான அழைப்பிதழ்கள் இனிமேல்தான் அச்சாகும். மகளிர் இறுதியாட்டத்துக்கு எதிரே எத்தனை மணி என்று போடுகிறார்கள் என்பதை நாங்கள் கவனிப்போம். அது மூன்று மணியானாலும் ஏழு மணியானாலும் எங்கள் நிருபரும் புகைப்படக்காரரும் அங்கே இருப்பார்கள்.