காற்புள்ளியில் வெட்டினால் போதுமா?

மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் சிஎஸ்வி கோப்பைப் படிக்கத் தனி மாட்யூல் எதற்கு, ஒவ்வொரு வரியையும் காற்புள்ளியில் வெட்டினால் போதுமே என்று நிரல் எழுதுவோர் பலர் சொல்கிறார்கள். பைத்தானில் 'ஸ்பிளிட்' என்ற ஒரே கட்டளையில் வேலை முடிந்துவிடுமாம். முடியாது.

காற்புள்ளிதான் எல்லை என்பது முதல் வாதம். ஆனால் மதிப்புக்குள்ளும் காற்புள்ளி வரும். '12, மேலமாசி வீதி, மதுரை' என்பது ஒரே முகவரி. '1,25,000' ஒரே தொகை. வெட்டினால் இரண்டுமே மும்மூன்று துண்டாகும். பின்னால் உள்ள மதிப்புகளெல்லாம் இடம் மாறும். எந்தப் பிழைச்செய்தியும் வராது என்பதுதான் கொடுமை. கைப்பேசி எண் இருக்கவேண்டிய இடத்தில் ஊர்ப்பெயர் இருக்கும். நிரல் ஓடிக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட மதிப்புகளை இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும், உள்ளே மேற்கோளே வந்தால் அதை இருமுறை எழுத வேண்டும் என்று 2005இல் வந்த ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணம் சொல்கிறது. மேற்கோளுக்குள் வரிமுறிவும் வரலாம் என்கிறது. ஆக, ஒரு வரி ஒரு பதிவு என்ற நம்பிக்கையும் நிற்காது.

மேற்கோளைக் கவனிக்க நாமே நாலு வரி சேர்த்துக்கொள்ளலாம் என்பார்கள். நாலு வரியோடு அது நிற்பதில்லை. தசமத்துக்குக் காற்புள்ளி இடும் ஜெர்மனியில் எக்செல் அரைப்புள்ளியால் பிரித்துச் சேமிக்கிறது. அதற்கும் வழி செய்ய வேண்டும். வேகம் என்ற வாதமும் இங்கே எடுபடாது: 2003இல் பைத்தான் 2.3உடன் வந்த சிஎஸ்வி மாட்யூலின் உட்பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. எழுத்து எழுத்தாகப் பார்க்கும் நம் பைத்தான் நிரல் அதை முந்துவது கடினம்.

'எக்செலில் திறந்து சரிபார்த்துச் சேமித்தால் போயிற்று' என்பதுதான் எனக்கு அதிகக் கவலை தரும் யோசனை. எக்செல் மதிப்புகளைத் தானாக ஊகித்து மாற்றுகிறது. 044 என்ற சென்னைக் குறியீடு 44 ஆகிவிடும். 'செப்ட்2', 'மார்ச்1' என்ற மரபணுப் பெயர்கள் தேதிகளாயின. எக்செல் மரபணுப் பட்டியல்களை இணைத்த ஆய்வுக்கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருப்பதை 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. 2020இல் அந்த மரபணுக்களுக்கே புதுப்பெயர் வைக்க வேண்டியதாயிற்று. பைத்தானின் மாட்யூல் இயல்பாக எல்லாவற்றையும் எழுத்துச்சரமாகவே தருகிறது; எது எண் என்று நாம்தான் சொல்ல வேண்டும். இதைக் குறை என்கிறார்கள். நான் இதையே அதன் பெரிய பலம் என்பேன்.

நாமே உருவாக்கிய, முழு எண்கள் மட்டுமே உள்ள கோப்பென்றால் வெட்டிப் படிப்பதில் தவறில்லை.

எழுதுவது எளிது, காற்புள்ளியால் கோத்தால் ஆயிற்று என்பது கடைசி வாதம். படிக்கும்போது வந்த மேற்கோள் சிக்கல் அத்தனையும் இங்கேயும் உண்டு. மாட்யூலைக் கொண்டு எழுதினால் அது தேவையான இடத்தில் தானே மேற்கோள் இடுகிறது. ஆனால் கோப்பைத் திறக்கும்போது 'நியூலைன்' அளவுருவுக்கு வெற்றுச்சரம் தர வேண்டும். தராவிட்டால் விண்டோஸில் வரிக்கு வரி ஒரு வெற்று வரி விழும். தமிழ்ப் பெயர்கள் உள்ள கோப்பை எக்செலில் திறப்பவர்களுக்கு அனுப்புவதானால், குறியாக்கமாக 'யூடிஎஃப்-8-சிக்' கொடுங்கள். அது கோப்பின் தலையில் மூன்று பைட் அடையாளம் இடும். அந்த அடையாளம் இல்லாத கோப்பை நேரடியாகத் திறந்தால், பெயர்கள் பெரும்பாலும் புரியாத குறிகளாகத்தான் தெரியும்.