வீட்டுப் பாடமும் விடையும்

வினா ஆறு வகைப்படும் என்று நன்னூல் கூறுகிறது. அவற்றுள் ஒன்று அறிவினா. விடையைத் தாம் அறிந்திருந்தும், மாணவன் அறிந்துள்ளானா என்று காண ஆசிரியர் வினவுவது அது. மற்றொன்று அறியாவினா, அறியாதவன் அறிந்துகொள்ளக் கேட்பது. வீட்டுப் பாடத்தில் இவ்விரண்டும் மயங்கிவிடுகின்றன. பள்ளியில் அறிவினாவாகப் பிறந்தது, மாலையில் வீடு வந்து சேரும்போது அறியாவினாவாக மாறிவிடுகிறது. அதற்கு விடை கூறுவார் யார்? எவ்வாறு கூறுவது?

கற்றோர் நிறைந்த இல்லத்தில் இது பெரிய சிக்கல் அன்று. தந்தை கணக்கைப் பார்ப்பார். தமக்கை அறிவியலை விளக்குவாள். புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலையைச் சூழ்ந்த சிற்றூர்களிலோ, தம் குடும்பத்திலேயே முதன்முதலாகப் பள்ளிப் படிப்பைத் தொடரும் பிள்ளைகள் உள்ளனர். அவர்களுக்கு அத்தகைய துணை எங்கே? வெற்றாக நிற்கும் ஏடு மறுநாள் சோம்பலின் சான்றாகக் கொள்ளப்படுகிறது. உண்மையில் அது பெரும்பாலும் துணையின்மையின் சான்றே ஆகும்.

கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் நெடுநாள் மூடிக்கிடந்தபோது இக்குறை யாவர் கண்ணுக்கும் புலனாயிற்று. தமிழ்நாட்டரசு 2021ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. முதல் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் சிறுவர்க்கு, மாலை வேளையில், அவரவர் குடியிருப்பின் அண்மையிலேயே தன்னார்வலர் கற்பித்தனர். பள்ளியில் பாடத்திற்கு ஓர் ஆசிரியர் இருக்கலாம். தெருவில் எல்லாப் பாடத்திற்கும் ஒருவரே. எல்லாம் அறிந்தவர் உலகில் எவருமிலர். ஆகவே, ‘தெரியாது, போ’ என்று அனுப்பிவிடுவதும் எளிது. தெரிந்த விடையை ஏட்டில் எழுதித் தந்துவிடுவது அதனினும் எளிது. பின்னதே பெருந்தீங்கு என்று கூறலாம். ஏடு நிறைகிறது, சிறுவன் முன்பு நின்ற இடத்திலேயே நிற்கிறான். இக்காலத்தில் கைப்பேசியும் இத்தீங்கை நொடியில் செய்து முடிக்கிறது.

விடை எட்டு வகை என்றும் நன்னூல் வகுத்துள்ளது. அவற்றுள் ‘வினாதல்’ என்பது, வினாவையே விடையாகத் தருவது. ‘செய்வாயா?’ என்றால் ‘செய்யேனோ?’ என்பது போன்றது. இலக்கணத்தார் அதனை உடன்பாடு தோன்ற உரைக்கும் விடையாகவே கொண்டனர். கற்பிப்போர் அதனைச் சற்று விரித்துக்கொண்டால் தவறில்லை.

விராலிமலையில் மயில்கள் மிகுதி. ‘மயில் தோகையை ஏன் உதிர்க்கிறது?’ என்று ஒரு சிறுமி கேட்கிறாள் எனக் கொள்வோம். ‘நீ தோகை மிகுதியாகப் பொறுக்கியது எப்போது? அப்போது மயில்கள் ஆடக் கண்டாயா?’ என்று கேட்டால், இனம் பெருக்கும் பருவம் கழிந்தபின் ஆண்மயில் தோகையை உதிர்த்து மீண்டும் வளர்க்கிறது என்னும் உண்மையை அவளே நெருங்கிவிடுவாள். பெருக்கல் வராத சிறுவனை முருகன் கோயில் படிகளை எண்ணச் சொல்லலாம். ஒரு படியின் உயரத்தை அவன் அளக்கட்டும். தான் ஏறிய உயரம் எவ்வளவு என்று பிறகு கேட்கலாம்.

ஆயினும் எல்லாவற்றிற்கும் எதிர்வினா எழுப்புவது ஒருவகைக் கொடுமை. கொடும்பாளூர் மூவர் கோயிலைக் கட்டியவர் யார் என்று கேட்பவனிடம், பூதி விக்கிரமகேசரி என்று நேரே சொல்லிவிட வேண்டும். எண்ணிப் பார்த்துக் காணத்தக்க செய்தி அன்று அது. மூன்று கோயில்களுள் இரண்டே இன்று நிற்கின்றன. மூன்றாவது இருந்ததை எவ்வாறு அறிந்தனர் என்பதன்றோ அவனை எண்ணச் செய்யும் வினா? அங்கே எஞ்சியுள்ள அடித்தளத்தை அவன் சென்று காணட்டும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991ஆம் ஆண்டையொட்டி அறிவொளி இயக்கம் ஓங்கி நடந்தது. எழுத்தறியாதிருந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுதப் படிக்கக் கற்றனர். மிதிவண்டி ஓட்டவும் பழகினர். அவர்களுள் பலர் இன்று பாட்டியர். பேரனின் ஏட்டிலுள்ள இயற்கணிதம் அவர்களுக்கு விளங்காமற் போகலாம். ஆனால், ‘இது எப்படி வந்தது, அப்பா? எனக்கு விளங்கும்படி சொல்’ என்று அருகமர்ந்து கேட்க அவர்களால் இயலும். சொல்லத் தொடங்கும் பேரன் பாதியில் தடுமாறுவான். தடுமாறிய வரியை அழித்துவிட்டு மீண்டும் போட்டுப் பார்ப்பான்.