கடைக் கம்ப்யூட்டருக்குப் புதிய பிராசஸர் தேவையா?

புதிய பிராசஸர் சந்தைக்கு வந்துவிட்டால் போதும், கம்ப்யூட்டர் விற்போர் நமது கடைவீதிகளுக்குப் படையெடுத்து விடுகின்றனர். 2024 ஆகஸ்டில் ஏ.எம்.டி. நிறுவனம் ‘ரைசன் 9000’ வரிசையையும், அக்டோபரில் இன்டெல் ‘கோர் அல்ட்ரா 200எஸ்’ வரிசையையும் வெளியிட்டன. பழையதைத் தள்ளிவிட்டால் பில் பறக்கும் என்கிறார்கள். மளிகைக் கடைக்கும் மண்டிக்கும் இந்தச் செலவு அநாவசியம் என்பதே நமது கருத்து.

பில் போடத் தாமதம் எங்கே ஏற்படுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பருப்பு இரண்டு கிலோ, எண்ணெய் ஒரு லிட்டர் என்று பெருக்கிக் கூட்டி ஜி.எஸ்.டி.யைப் பிரித்துக் காட்டுவது பத்தாண்டுப் பழைய பிராசஸருக்கும் கண்ணிமைக்கும் நேர வேலைதான். காலையில் சுவிட்சைப் போட்டு, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டி முடித்த பிறகும் திரை தயாராகவில்லையென்றால், காரணம் பெரும்பாலும் உள்ளே சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். அதற்குப் பதில் எஸ்.எஸ்.டி. பொருத்தி, 4 ஜி.பி. ரேமை 8 ஆக்கினால் வித்தியாசம் அன்றே தெரியும். இ-இன்வாய்ஸ் எடுக்கும்போது சுற்றிக்கொண்டே இருப்பது அரசு போர்ட்டலையும் நமது இணைய இணைப்பையும் பொறுத்தது. அதை எந்தப் பிராசஸரும் தீர்க்காது. இன்டெல்லின் இவ்வரிசையில் உயர்ந்த ரகத்துக்கு 24 கோர்கள். பொட்டலம் கட்ட 24 ஆள் நின்றாலும் தராசு ஒன்றுதான் என்றால் கூட்டம் குறையுமா?

செலவும் பிராசஸரோடு நிற்பதில்லை. மேற்சொன்ன இன்டெல் வரிசைக்கு மதர்போர்டு புதிதாக வேண்டும், ரேமும் டி.டி.ஆர்.5 ஆக இருக்க வேண்டும். 2025 கடைசி மாதங்களில் ரேம் விலை ஏறிய ஏற்றத்தை விசாரித்தவர்கள் அறிவார்கள். உயர்ந்த ரகம் முழு வேகத்தில் 250 வாட் வரை மின்சாரம் இழுக்கும். கடையில் இருக்கும் சிறிய யு.பி.எஸ். அதை எவ்வளவு நேரம் தாங்கும்? பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் அகன்ற வயரைச் செருகவும் புதிய போர்டுகளில் பெரும்பாலும் இடமில்லை.

இவ்வளவு சொன்னாலும், ஒரு காரணத்துக்காக நம்மில் பலர் கம்ப்யூட்டரை மாற்றத்தான் வேண்டியிருக்கிறது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அளித்து வந்த வழக்கமான இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களை, ஓரிரு ரகங்கள் தவிர, ஏற்பதில்லை. வங்கிக் கணக்கும் ஜி.எஸ்.டி. கடவுச்சொல்லும் வாடிக்கையாளர் பாக்கியும் ஒரே பெட்டியில் இருக்க, அதைக் காவலின்றி இணையத்தில் விட்டு வைப்பது பூட்டாத கிடங்குக்குச் சமம். இதை உறுப்பினர்கள் அலட்சியம் செய்யக் கூடாது.

அப்போதும் புத்தம் புதியது தேவையில்லை. 12ஆம் தலைமுறை ஐ3 போன்ற ரகம் பில்லுக்கும் கணக்குக்கும் தாராளம். அதற்கு டி.டி.ஆர்.4 போர்டுகளும் உண்டு; பழைய பெட்டியில் அந்த ரேம் இருந்தால் அதையே பொருத்திக் கொள்ளலாம். மிச்சமாகும் பணத்தில் நல்ல யு.பி.எஸ். ஒன்றும், தினமும் பேக்கப் எடுக்க வெளி டிஸ்க் ஒன்றும் வாங்குவது உத்தமம். பிராசஸர் பழையதாக இருப்பதால் எந்தக் கடையும் மூடப்படுவதில்லை. ஓராண்டுக் கணக்கு அழிந்து போனால் பாக்கியை யாரிடம் எப்படி வசூலிப்பது?

வாங்குவோர் 18 சதவீத ஜி.எஸ்.டி.க்கு முறையான பில் கேட்டுப் பெற வேண்டும். காம்போசிஷன் முறையில் இருப்போருக்கு இந்த வரி திரும்பக் கிடைக்காது. அதையும் விலையோடு சேர்த்தே கணக்கிடுக. வரியை இன்புட்டாக எடுத்தவர்கள் அத்தொகைக்குத் தேய்மானமும் கோரக் கூடாது. பழைய பெட்டியை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கும் முன் டேலி லைசென்ஸைச் சரண்டர் செய்து, டிஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்துக் கொள்ளுங்கள். கடைக்காரர் தரும் எக்ஸ்சேஞ்சு தொகையில் அதற்காகச் சிறிது குறைத்தாலும் பரவாயில்லை.