தூங்குகிற கிழங்கை எழுப்பாதீர்கள்!



ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் வீட்டு வேலியில் செங்காந்தள் பூத்திருப்பதைப் பார்ப்பவர்கள், "எனக்கும் ஒரு கிழங்கு கொடேன்" என்று கேட்காமல் போவதில்லை. நம் தமிழ்நாட்டின் மாநில மலராயிற்றே! பச்சையும் மஞ்சளுமாக விரிந்து, நாளாக ஆக நெருப்பாய்ச் சிவக்கும் அழகே அழகு.

ஆனால் அது வேர் பிடிப்பதற்குள் நான் பட்ட பாடு இருக்கிறதே! முதல் வருஷம் நட்டு மூன்று வாரமாகியும் முளையைக் காணோம். பொறுமை இல்லாமல் களைக்கொட்டால் கிளறினேன். முளை ஒடிந்துபோச்சு. கலப்பை போல் வளைந்த அந்தக் கிழங்கின் ஒவ்வொரு நுனியிலும் ஒரே ஒரு முளைதான். அது ஒடிந்தால் அந்தப் பக்கம் துளிர்க்காது. அடுத்த வருஷம் நன்றாகப் பூத்தது. தை மாதம் கொடி காய்ந்ததும் "ஐயோ, வாடுகிறதே" என்று குடம் குடமாக ஊற்றினேன். கிழங்கு அழுகிவிட்டது! கொடி சாகவில்லை, தூங்கப் போகிறது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

இப்போது நான் செய்வது இதுதான். ஆனிக் கடைசியிலோ ஆடியிலோ செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றும் கலந்து, நாலு அங்குல ஆழத்தில் கிழங்கைப் படுக்க வைத்து மூடுவேன். தண்ணீர் தேங்கவே கூடாது. முளைக்க மூன்று நாலு வாரமானாலும் தொடமாட்டேன். இலை நுனியே சுருண்டு கொக்கியாகப் பற்றும். தடித்த கம்பைப் பிடிக்காது. மெல்லிய விளார்களை ஊன்றுங்கள். இலை மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். பழைய கிழங்கு சுருங்கி, புதுக் கிழங்கு மண்ணுக்குள் தயாராக இருக்கும்.

இனிமேல் சொல்வதைக் கைக்குழந்தைக்காரிகள் கவனமாகக் கேளுங்கள். ஒரு வருஷம் கிழங்கைத் தோண்டி, காயட்டும் என்று சமையலறை மூலையில் வைத்திருந்தேன். மாமியார் சர்க்கரைவள்ளி என்று நினைத்து, பேரனுக்கு வேகவைக்கக் கழுவிக்கொண்டிருந்தார்! நல்லவேளை, அடுப்பில் ஏற்றுமுன் பார்த்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது. கண்வலிக் கிழங்கு என்கிறோமே, அது இதுதான். கிழங்கு, விதை, இலை எல்லாமே விஷம், வேகவைத்தாலும் போகாது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் மருந்துக்காக விதையைப் பயிரிடுகிறார்கள். மருந்தாக்குவது அவர்கள் வேலை. நமக்குப் பூ போதும். யாராவது தெரியாமல் தின்றுவிட்டால் கைவைத்தியம் வேண்டாம். வாந்தி வரட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தவழும் குழந்தை உள்ள வீட்டில் இரண்டு மூன்று வருஷம் போகட்டும். வளர்ப்பவர்கள் கிழங்கைத் தோண்டாமல் மண்ணிலேயே விட்டுவிடுங்கள். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இப்போது கிழங்கு கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "வீட்டில் சின்னக் குழந்தை உண்டா?" என்பதுதான்.