திராட்சையின் விலை யார் கையில்?

கடையில் நீங்கள் 100 ரூபாய் கொடுத்துத் திராட்சை வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் விளைவித்த உழவருக்கு எவ்வளவு போய்ச் சேரும்? ரிசர்வ் வங்கி ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை, சுமார் 35 ரூபாய் என்கிறது. வாழைப்பழமானால் 31 ரூபாய்தான்!

மீதியெல்லாம் தரகர்களின் கொள்ளை என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் அறிவியல் படிக்கும் நாம் காரணத்தை இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்க்க வேண்டாமா?

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்குக்கு வாருங்கள். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கம் பந்தல் பந்தலாகப் பன்னீர் திராட்சை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் இது. குளிர்நாடுகளில் திராட்சைக் கொடி பனிக்காலத்தில் உறங்கிவிடும். ஆண்டுக்கு ஒரே அறுவடை. கம்பத்தில் கொடி உறங்குவதில்லை. கவாத்து செய்தால் துளிர்த்து, சுமார் நான்கு மாதத்தில் காய்த்துப் பழுக்கிறது. ஆகவே ஆண்டு முழுவதும் பழம் கிடைக்கிறது.

இவ்வளவு வசதி இருந்தும் விலை ஏன் உழவர் கையில் இல்லை? திராட்சையின் இயல்பே ஒரு காரணம். வாழைத்தாரை முற்றிய காயாக வெட்டினால், எத்திலீன் வாயுவால் அது பிறகு பழுக்கும். திராட்சை பறித்த பின் பழுக்காது; கனிந்த பிறகே பறிக்க வேண்டும். பறித்த கணம் முதல் நீரை இழக்கிறது, காம்பு பழுப்பாகிறது, பழம் உதிர்கிறது. இந்தச் சரக்கோடு சந்தையில் நிற்பவர், "விலை ஏறட்டும்" என்று எப்படிக் காத்திருப்பார்? காத்திருக்க முடியாதவரால் பேரம் பேச முடியாது.

தமிழகத்தில் 1999 நவம்பர் 14-இல் மதுரையில் முதல் உழவர் சந்தை தொடங்கியது. உழவரே நேராக விற்கிறார், தரகு இல்லை. மொத்த விலையைவிடக் கூடுதலாகவும், சில்லறை விலையைவிடக் குறைவாகவும் அன்றன்று விலை வைக்கிறார்கள். கூடை நிறையக் கத்தரிக்காய் கொண்டுவருபவருக்கு இது அருமையான ஏற்பாடு. ஆனால் ஒரே வாரத்தில் டன் கணக்கில் பழம் பறிப்பவர் என்ன செய்வார்?

தரகரை நீக்கிவிடலாம், அவர் செய்யும் வேலையை நீக்க முடியாது. தரம் பிரித்தல், பெட்டியில் அடுக்குதல், வண்டி பிடித்தல், கெட்டுப்போனால் நட்டம் தாங்குதல் ஆகியவற்றை யாராவது செய்துதானே ஆகவேண்டும்? தனி உழவரால் இவ்வளவும் இயலாது. குழுவால் இயலும் என்பதே என் கருத்து.

குழு என்ன செய்யலாம்? முதலில், குளிரூட்டும் அறை. பறித்த சில மணி நேரத்துக்குள் பழத்தின் வெப்பத்தைத் தணித்து, 0 டிகிரி செல்சியசுக்கு அருகில் வைத்தால், சில நாளில் கெடும் பழம் சில வாரம் தாங்கும். மகாராஷ்டிரத்தில் 1991-இல் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்கள் சேர்ந்து தொடங்கிய மகாகிரேப்ஸ், இம்முறையில்தான் ஐரோப்பாவுக்கே பழம் அனுப்பியது.

அடுத்தது, கவாத்து நாட்காட்டி. எல்லாரும் ஒரே வாரம் கவாத்து செய்தால் எல்லாப் பழமும் ஒன்றாகச் சந்தையில் குவியும்; விலை சரியும். முறை வைத்துக் கவாத்து செய்தால் வாரந்தோறும் அளவாகப் பழம் வரும். கொடி உறங்காத கம்பத்துக்கு இயற்கை கொடுத்த வாய்ப்பு அல்லவா இது?

2002-இல் திருத்தப்பட்ட கம்பெனிச் சட்டம், உழவர்கள் உற்பத்தியாளர் நிறுவனம் அமைக்க வழி செய்தது. உழவர்களே உறுப்பினராகும் அந்நிறுவனத்தில், எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே வாக்கு. ஆனால் பெயர்ப்பலகை மட்டும் மாட்டினால் போதாது. கணக்கு திறந்திருக்க வேண்டும். அவசரத்துக்குத் தரகர் தரும் முன்பணத்துக்கு மாற்றும் வேண்டும். இல்லையேல் உறுப்பினர் மீண்டும் அவரிடமே போவார்.

நண்பர்களே, உங்கள் ஊர் உழவர் சந்தையிலும் பக்கத்துக் கடையிலும் ஒரே பழத்தின் விலையை ஒரு மாதம் குறித்து, வரைபடம் போடுங்கள். இரண்டு கோடுகளுக்கும் இடையே உள்ள இடைவெளி ஏன் என்று வகுப்பில் விவாதியுங்கள்.